அம்மை என்று நினைத்தோம்

என் கணவரின் நெற்றியில் முதல் கொப்புளத்தைப் பார்த்தது நான்தான். தீபாவளி கழிந்த மழை மாதம். வேன் சாவியை அவர் கையில் கொடுக்கும்போது இடது புருவத்துக்கு மேலே சின்ன மேடாக ஒன்று தெரிந்தது.

"கொசு கடிச்சிருக்கா?"

தடவிப் பார்த்தார். "அப்படித்தான் போல."

அவர் ஏர்கான் பழுது பார்ப்பவர். சொந்தமாக ஒரு பழைய வேன், அதற்குள் ஏணியும் கேஸ் சிலிண்டரும். அன்று சுபாங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் வேலை இருந்தது. நான் கிள்ளான் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடைக்குப் போனேன். இரவு வீடு திரும்பியபோது நெற்றியிலும் கன்னத்திலும் இன்னும் சில மேடுகள் வந்திருந்தன.

அதற்கு முன்பிருந்தே அவர் உடம்பு சரியாக இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். சாயங்காலமானால் மெல்லிய காய்ச்சல் வரும், காலையில் போய்விடும். ஏணியில் ஏறி இறங்கினால் மூச்சு வாங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். வாடிக்கையாளர்கள், "என்ன டயட் பண்றீங்க அண்ணே, நமக்கும் சொல்லுங்க லா" என்று கேட்பார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரித்தேன். நாற்பது வயதில் தொப்பை குறைந்தால் எந்தப் பெண்டாட்டி கவலைப்படுவாள்?

கொப்புளங்களைப் பார்த்ததும் அத்தை ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவர் என் மாமியார். மாமா போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார்.

"அம்மா வந்திருக்காடா. அதான் இத்தனை நாள் காய்ச்சல். உள்ளயே இருந்திருக்கா."

எங்கள் இருவருக்கும் அது ஆறுதலாகக்கூட இருந்தது. காய்ச்சலுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அத்தை எங்கள் தாமான் குடியிருப்பின் கோயில் பக்கத்து வேப்பமரத்தில் கொத்துக் கொத்தாக ஒடித்து வந்து வாசலில் செருகினார். என் கணவர் படுக்கும் அறையில் தலையணைக்கு அடியிலும் போட்டார். வீட்டில் கறி மீன் நின்றது, தாளிப்பது நின்றது. எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. அவளை அப்பாவின் அறைப் பக்கம் விடாமல் என்னோடு படுக்க வைத்தேன். பக்கத்துக் கிளினிக்கில் இருந்த வயதான டாக்டரும் பார்த்துவிட்டு, "பெரியவங்களுக்கு வந்தா கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கும்" என்று சொல்லி, தடவுவதற்கு மருந்து கொடுத்தார்.

ஆனால் அம்மை இறங்கவில்லை. தலைக்குத் தண்ணீர் விடுவதற்கு நாள் பார்த்து அத்தை காத்துக்கொண்டிருந்தார். மேடுகள் நீர் கோத்துப் பழுக்கவில்லை, உடைந்து காயவும் இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும் பரவின. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசியால் குத்தியதுபோல ஒரு பள்ளம் இருந்தது. சிலவற்றில் அந்தப் பள்ளம் கறுத்திருந்தது. காய்ச்சல் இப்போது பகலிலும் வந்தது.

ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலில் வேப்பிலை இல்லை. அத்தை அதைச் சுருட்டிக் குப்பைப் பையில் கட்டி வைத்திருந்தார்.

"என்ன அத்தை, அதுக்குள்ள எடுத்துட்டீங்க?"

"இது அம்மா இல்லம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேற என்னமோ. நாளைக்கு லீவு சொல்லிட்டு இவனைக் கூட்டிட்டுப் போ."

மறுநாள் கிளினிக்கில் அந்த வயதானவர் இல்லை. அவருக்குப் பதிலாக ஓர் இளம் சீனப் பெண் டாக்டர் உட்கார்ந்திருந்தார். மலாயில் பேசினார். முகத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நாக்கிலும் அண்ணத்திலும் காய்ச்சிய பாலின் ஆடைபோல வெள்ளையாகப் படிந்திருந்தது.

"சாப்பிடும்போது எரியுதா?"

"கொஞ்ச நாளாவே காரம் சாப்பிட முடியல" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. சில வாரங்களாகவே தயிரும் சோறுமாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்தியம் என்று நினைத்து நானும் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, கொஞ்ச நேரம் வெளியே உட்கார முடியுமா என்று கேட்டார். அந்த மரியாதையான கேள்விதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

என் கணவர் வெளியே வந்து வேனில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை.

"நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க. இன்னிக்கே. அட்மிட் பண்ணுவாங்களாம்."

"எதுக்காம்?"

"ரத்தம் பார்க்கணுமாம். நீ ஓட்டுறியா? என்னால முடியாது."

நான் அந்த வேனை அதற்கு முன் தொட்டதே இல்லை. ஏணி பின்னால் கடகடவென்று ஆட, கிள்ளான் போக்குவரத்தில் முதல் கியரிலும் இரண்டாவதிலுமாகவே ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு லோரிக்காரன் பின்னாலிருந்து ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, "கிளட்ச்ச விடு, கிளட்ச்ச விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். தோளில் இருந்த ஒரு கொப்புளத்தை மரக்கச் செய்து வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்வை நேரத்தில் நான் கஞ்சிப் பாத்திரத்தோடு போனபோது, அவர் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"உட்காரு."

"கஞ்சி ஆறிடும்."

"உட்காரு மா."

உட்கார்ந்தேன்.

"எனக்கு எச்.ஐ.வி.யாம்."

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அப்போ மூஞ்சியில இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அது பூஞ்சையாம். உடம்புல எதிர்ப்பு சக்தி இல்லாததால உள்ள போயி ரத்தத்துல பரவியிருக்காம். வாயில இருக்கிற வெள்ளையும் பூஞ்சைதான், ஆனா அது வேற பூஞ்சையாம்."

"பூஞ்சைன்னா, ரொட்டியில வருமே அதுவா?"

"அந்த மாதிரி ஒண்ணு."

இப்படிப் பூஞ்சையைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசினோம். முதலில் சொன்ன சொல்லைத் தொடுவதற்கு இருவருக்கும் தைரியம் இல்லை. பிறகு அவர்தான், "நீயும் டெஸ்ட் எடுக்கணும்" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அவரைப் பார்த்த சிறப்பு மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் மூக்குக் கண்ணாடி தொங்கும். வேகமாகப் பேசுவார், ஆனால் நாம் கேட்டு முடிக்கும்வரை நகர மாட்டார். அந்தப் பூஞ்சைக்கு டாலரோமைசிஸ் என்று பெயர் சொன்னார். நான் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை.

"பேரு முக்கியம் இல்லம்மா. இது நம்ம பக்கத்து மண்ணுல இருக்கிற பூஞ்சை. இங்க, தாய்லாந்து, வியட்நாம் அந்த ஏரியாவுலதான் அதிகம். மூச்சு வழியா உள்ள போயிடும். நீங்க, நான் எல்லாரும் சுவாசிச்சிருக்கலாம். நல்லா இருக்கிற உடம்பு அதை அடக்கிடும். இவர் உடம்பால முடியல."

"இவரு மண்ணு வேலையே செய்யறது இல்லயே டாக்டர்."

"எங்க பிடிச்சதுன்னு தேடாதீங்க. தேடினா கிடைக்காது."

தன் கைப்பேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். என் கணவர் தோளிலிருந்து எடுத்ததை ஆய்வுக்கூடத்தில் வட்டத் தட்டில் வளர்த்திருந்தார்கள். நடுவில் சாம்பல் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. அதைச் சுற்றித் தட்டு முழுக்கக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோலச் சிவப்பு. அழகாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக்கூடாது. என் புருஷனைத் தின்றுகொண்டிருந்தது அது என்பதை மனசு ஏற்கவில்லை.

"இதுக்கு மருந்து இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ரெண்டுக்கும் இருக்கு. பூஞ்சைக்கு முதல்ல ஊசி மருந்து, அப்புறம் மாத்திரை. எச்.ஐ.வி.க்குத் தினமும் மாத்திரை, நிறுத்தாம. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா நான் இவ்வளவு தைரியமாப் பேச மாட்டேன். இப்போ பேசறேன்."

அந்த 'இப்போ பேசறேன்' எனக்குப் போதுமானதாக இருந்தது.

எனக்கான பரிசோதனை கீழ்த்தளத்தில். விரலில் குத்தி ரத்தம் எடுத்த மிஸ்ஸி, நர்ஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், ஒரு மலாய்க்கார அக்கா. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். காத்திருந்த நேரத்தில், மகளைச் சுமந்தபோது தாய்சேய் கிளினிக்கில் கை நிறைய ரத்தம் எடுத்ததை நினைத்துக்கொண்டேன். அதில் இந்தப் பரிசோதனையும் ஒன்று. அப்போது ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். பிறகு ஐந்து வருடம் ஓடிவிட்டது. இந்த ஐந்து வருடத்தில் எந்த நாள், எந்த இரவு என்று மனசு கணக்குப் போடப் போனது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

"நெகட்டிவ்" என்றார் அக்கா, கதவைச் சாத்தி உட்கார வைத்து. "மூணு மாசம் கழிச்சு மறுபடியும் ஒரு தடவை பார்க்கணும். ஆனா இன்னிக்கு நெகட்டிவ்."

"என் பொண்ணு?"

"அம்மாவுக்கு இல்லன்னா பிள்ளைக்கு எப்படி வரும்? சின்னப் பிள்ளையைக் குத்த வேண்டாம். போ, முதல்ல போய்ச் சாப்பிடு."

கேன்டீனுக்குப் போய் இரண்டு ரோத்தி சானாய் சாப்பிட்டேன். பருப்புக் குழம்பை இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன். மேலே அவர் அப்படிக் கிடக்கும்போது எனக்கு எப்படி இவ்வளவு பசித்தது என்று இன்றும் தெரியவில்லை. ஒரு வாரமாக எது சாப்பிட்டாலும் அட்டையை மெல்வதுபோல இருந்தது. அன்று ரோத்தி ரோத்தியாக இருந்தது.

மேலே போய்ச் சொன்னேன். தனக்கு வந்த முடிவைக் கேட்டபோது அழாத மனிதர், என்னுடையதைக் கேட்டதும் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஊசி மருந்து லேசானதல்ல. மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக ஏறும். முதல் நாள் பாதி ஏறுவதற்குள் அவர் உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். வார்டு மிஸ்ஸி ஓடி வந்து வேகத்தைக் குறைத்து, வேறு ஒரு மருந்தைப் போட்டு, போர்வை மேல் போர்வையாகப் போர்த்தினார். நான் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பற்கள் கிடுகிடுக்க அவர் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"ஏர்கான்காரனுக்கே குளிருது பாரு."

அந்த ஆஸ்பத்திரியில் நான் முதல் முறையாகச் சிரித்தது அப்போதுதான். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது. மிஸ்ஸிக்குத் தமிழ் புரியவில்லை என்றாலும் அவரும் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து மருந்து ஏற்றுவதற்கு முன்பே நடுக்கத்துக்கான மாத்திரையைக் கொடுத்தார்கள். சிறுநீரகத்துக்காகவும் உப்புச் சத்துக்காகவும் தினமும் ரத்தம் எடுத்தார்கள். அவர் கை முழுக்க நீலம் பாரித்தது. ஆனால் காய்ச்சல் விட்டது. வாயில் இருந்த வெள்ளைக்குக் கொடுத்த மாத்திரை அதைவிட வேகமாக வேலை செய்தது. சில நாட்களிலேயே நாக்கு சிவந்துவிட்டது. "மீ கோரெங் வாங்கிட்டு வா லா" என்றார் ஒரு சாயங்காலம். அந்தக் கார நூடுல்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன், மிஸ்ஸி வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் அவராகக் கேட்டாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இடையில் ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போனேன். அவருக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் அங்கே படுத்துக் கிடந்தேன். திரும்பிப் போவதா வேண்டாமா என்றுகூட யோசித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அதனால் எல்லார் மேலும் இருந்தது. திங்கட்கிழமை மகளுக்கு பாலர் பள்ளி, எனக்குக் கடை. ஞாயிறு மாலை அம்மா கட்டிக் கொடுத்த சாம்பாரை எடுத்துக்கொண்டு, வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி அவருக்கு அதில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெரிய முடிவு ஒன்றும் நான் எடுக்கவில்லை. திங்கட்கிழமை வந்தது, அவ்வளவுதான்.

கொப்புளங்கள் தட்டையாக ஆரம்பித்தன. முதலில் தோளில், பிறகு கழுத்தில். நடுவில் இருந்த கறுப்புப் பொருக்குகள் தலையணையில் உதிர்ந்தன. அதுவரை அவர் மகளோடு வீடியோவில் பேசும்போது கைப்பேசியை மேலே மின்விசிறியைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்வார். குரல் மட்டும்தான் கேட்கும். கொப்புளங்களோடு அவரைப் பார்த்த நாட்களில் அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது அவர் மனசில் இருந்தது. ஒரு நாள் நான் வீட்டில் இருந்தபோது அழைப்பு வந்தது. எடுத்தேன். திரை முழுக்க அவர் முகம். சவரம் செய்திருந்தார். கன்னத்தில் தழும்புகள் இருந்தன, ஆனால் அது அவருடைய முகம்.

மகள் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு மூக்கோடு ஒட்டிப் பார்த்தாள்.

"அப்பா, புள்ளி எல்லாம் எங்க?"

"போயிடுச்சு டா."

"எங்க போச்சு?"

"பஸ் ஏறிப் போயிடுச்சு."

"எந்த பஸ்?"

அவர் யோசித்தார். "பந்திங் பஸ்."

அதன்பிறகு பல வாரங்களுக்கு, பந்திங் ஊருக்குப் போகும் பஸ் எங்கள் வீதிமுனையைக் கடக்கும்போதெல்லாம் அவள் ஜன்னலில் நின்று பார்ப்பாள்.

அவர் வீடு திரும்புவதற்குள் அத்தையிடம் சொல்லியாக வேண்டும். நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வந்த முதல் நாள் மதியம், சாப்பாட்டு மேசையில், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவரே சொன்னார். அத்தை கேட்டுக்கொண்டு இருந்தார். கை மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தது.

"மருந்து இருக்கா?"

"இருக்கும்மா."

"காசு கட்டணுமா?"

"கவர்மென்ட்ல கொடுக்கிறாங்க."

"இவளுக்கு?"

"எனக்கு இல்ல அத்தை. பிள்ளைக்கும் இல்ல."

அத்தை கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு எழுந்து, "தட்டைக் கொண்டா, சோறு போடறேன்" என்றார். எனக்கு அப்படியே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

ஆனால் எல்லாம் அன்றோடு முடிந்துவிடவில்லை. மறுநாள் பார்த்தால் என் கணவருக்கென்று ஒரு நீலக் குவளை தனியாக அலமாரியின் மூலையில் இருந்தது. தட்டும் தனி. அவர் துணியை அத்தை தனியாக ஊறப்போட்டார். பூஞ்சை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, குளியலறைச் சுவரை முழங்கையளவு நுரையில் தேய்த்துக் கழுவினார். குடையின் மேல் பூத்திருந்த பூஞ்சணத்தைப் பார்த்துவிட்டு நல்ல குடையைத் தூக்கி எறிந்தார். கடையில் விற்கும் காளானைக்கூட வாங்கக் கூடாது என்றார். என் கணவர் நீலக் குவளையிலேயே குடித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மகள் அந்தக் குவளையில் இருந்த அவருடைய தேநீரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டாள். அத்தை அலறினார். அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார். வாயைக் கொப்பளிக்க வைக்கிறார், அவள் அழுகிறாள், என் கணவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. நான் கைப்பேசியை எடுத்து எனக்கு ரத்தம் எடுத்த மிஸ்ஸியை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டேன். சந்தேகம் இருந்தால் கூப்பிடு என்று அவர்தான் சொல்லியிருந்தார். அத்தைக்கு மலாய் நன்றாக வரும்.

மிஸ்ஸி முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. அத்தையை மலாயில் 'மாக்சிக்', பெரியம்மா, என்று கூப்பிட்டார்.

"மாக்சிக், குவளையில வராது. தட்டுல வராது. கட்டிப் பிடிச்சா வராது, ஒரே டாய்லெட்ல போனா வராது. அந்தப் பூஞ்சையும் ஆளுக்கு ஆள் ஒட்டாது. உங்க மகன் மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடறாரான்னு மட்டும் பாருங்க. அதுதான் உங்க வேலை."

"நிஜமாவா மிஸ்ஸி?"

"நான் தினமும் இந்த நோயாளிகளோட உட்கார்ந்து சாப்பிடறேன் மாக்சிக்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தை குவளைகளை எடுத்து வைத்தபோது நீலமும் மற்றவையும் கலந்தே வந்தன. எது யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மாத்திரை வேளை வந்தால் அத்தையின் குரல் வாசல் வரை கேட்கும்.

எப்படி வந்தது என்ற கேள்வியை நான் பல வாரம் கேட்கவில்லை. அவர் மறுபடி சின்னச் சின்ன வேலைகளுக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிறு காலை பசியாறிவிட்டுப் பாத்திரம் துலக்கும்போது அவரே வந்து பக்கத்தில் நின்றார்.

"கேக்கணும்னா கேளு. எவ்வளவு நாள் உள்ளயே வச்சிருப்ப?"

"கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? அது மட்டும் போதும்."

"முன்னாடி."

பிறகு மீதியையும் சொன்னார். ஈரக் கையோடு நின்று கேட்டேன். அவர் சொன்னது அவருடையது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டபோதும், "எழுது. பேரு மட்டும் போடாத லா" என்றுதான் சொன்னார். அவர் மேல் எனக்கு முழுக்கக் கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. சில நாள் வரும். வந்தால் சொல்லிவிடுகிறேன். அவரும் கேட்டுக்கொள்கிறார்.

என்னுடைய இரண்டாவது பரிசோதனையும் நெகட்டிவ். அவருடைய ரத்தத்தில் வைரஸ், கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டாக்டர் ஒரு நாள் சொன்னார். அப்படியே இருக்கும்வரை அது எனக்குத் தொற்றாது என்று விளக்கினார். இன்னொரு பிள்ளை வேண்டுமென்றாலும் யோசிக்கலாம் என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், "வேண்டாம் டாக்டர்" என்றோம். மூன்று பேரும் சிரித்தோம். அந்த அறையில் அப்படிச் சிரிப்போம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பூஞ்சைக்கான கேப்ஸ்யூலை அவர் அதற்குப் பிறகும் நீண்ட நாள் சாப்பிட்டார். எதிர்ப்பு சக்தி உயர்ந்து, அப்படியே நிலைக்கும்வரை அதை விடக்கூடாது, விட்டால் திரும்பி வந்துவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். போன வருடம் ஒரு பரிசோதனை நாளில், டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். மேலும் கீழுமாக நகர்த்தினார்.

"இந்த கேப்ஸ்யூல் இனி வேண்டாம். நிறுத்திடலாம்."

"நிறுத்திடலாமா?"

"எச்.ஐ.வி. மாத்திரை மட்டும் எப்பவும் போல. இது போதும். உங்க உடம்பே பார்த்துக்கும்."

உங்க உடம்பே பார்த்துக்கும். வெளியே வந்து மருந்தகத்தின் முன்னால் நின்று என் கணவர் அதை இரண்டு தடவை எனக்குச் சொல்லிக்காட்டினார்.

அதற்கு அடுத்த வாரம் பந்திங்கில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஏர்கான் பொருத்தும் வேலை வந்தது. பள்ளி விடுமுறை. எங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டார். அத்தை முன்னால், நானும் மகளும் பின்னால் ஏணிக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் இருபுறமும் ஓடின. மதியத்துக்குள் வேலை முடிந்தது. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் கடற்கரைக்குப் போனோம். தண்ணீர் வற்றிக் கடல் வெகுதூரத்துக்குப் போயிருந்தது. மகள் அவர் கையைப் பிடித்துச் சேற்று மணலில் இழுத்துக்கொண்டு நடந்தாள். "வெயில்ல கூட்டிட்டுப் போகாதடா" என்று அத்தை பாயில் உட்கார்ந்தபடி கத்தினார். அவர் கேட்கவில்லை.

அவருடைய கைப்பேசி என்னிடம் இருந்தது. அது அடித்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன். யாரோ வாடிக்கையாளர், வீட்டில் ஏர்கானிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம்.

"நாளைக்கு வரேன் பாஸ்" என்றார் அவர், சேற்றில் கணுக்கால்வரை நின்றுகொண்டு. "இன்னிக்கு முடியாது லா. குடும்பத்தோட வெளிய வந்திருக்கேன்."